உடைமையின்றிப் பற்று: பணியிடக் கணனி பற்றிய சில எழுத்துக்கள்

தொழிற்கருவியின்மீது அதனைக் கையாள்வோர் கொள்ளும் பற்று இலக்கியத்துக்குப் புதிய பொருளன்று. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்ட ஔவையார் பாடியதாக அமைந்த புறநானூற்றின் 95 ஆம் பாடல் தமிழ் மாணவர் யாவரும் அறிந்ததே. தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூட்டப்பெற்று, நெய் பூசப்பெற்றுக் காவலுடைய மனையில் இருக்கின்றன. அதியமான் நெடுமான் அஞ்சியின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறிய பட்டறையிற் கிடக்கின்றன. புகழ்வது போலப் பழித்தும், பழிப்பது போலப் புகழ்ந்தும் செல்லும் இப்பாடலின் நயம் பலராலும் பாராட்டப்பெற்றுள்ளது. ஆயின் அந்நயத்துக்கு ஆதாரமாகக் கருவி பற்றிய ஒரு கருத்தும் அதனுள் அமைந்துள்ளது. கருவியின் மதிப்பு அதன் ஒப்பனையிலன்று, தேய்விலேயே தங்கியுள்ளது என்பதே அக்கருத்து. தேய்வு என்பது உழைப்பு விட்டுச் சென்ற சுவடு.

பேரேடும் தட்டச்சுப்பொறியும் இருந்த மேசைகளில் இன்று கணனி இருக்கிறது. அதனைக் கொண்டு தொழில் புரிவோர் பலர் அதனைத் தமக்கு நெருங்கியதொன்றாகவே உணர்கின்றனர். அதற்குப் பெயரிட்டு அழைப்போர் உளர். அது மெதுவாக இயங்கும் நாளில் அதனைக் கடிந்து பேசுவோரும், பழுதுற்ற நாளிற் கைமுறிந்தவர் போலச் செயலற்றிருப்போரும் உளர். வேறொருவர் அதன்முன் அமர்ந்து திரையின் ஒழுங்கை மாற்றிவிட்டால் உள்ளூரச் சினங் கொள்வோர் மிகப் பலர். புதியதொன்று வழங்கப்படும்போதும் பழையதை விட மனமின்றித் தயங்குவதுண்டு. இத்தனைக்கும் அக்கணனி அவர்களுடையதன்று. அதனை வாங்கியது நிறுவனம். அதன் இலக்கத்தைப் பொருட்பதிவேட்டிற் பதிந்து வைத்திருப்பது நிறுவனம். எவ்வேளையிலும் அதனை மீளப்பெறும் உரிமையும் நிறுவனத்துக்கே உண்டு. அதியமானின் வேல் வீரனுடையதா, வேந்தனுடையதா என்னும் வினா ஔவையாரின் பாடலில் எழவில்லை. பணியிடக் கணனியைப் பொறுத்தவரையில் அவ்வினாவைத் தவிர்க்க முடியாது.

இப்பற்று பொதுவாக இருவகையில் நோக்கப்படுகிறது. ஒன்று, நகைப்புக்குரிய பேதைமையாக. மற்றையது, மனிதர் இயந்திரத்துக்கு அடிமையாவதன் அறிகுறியாக. இவ்விரு நோக்குகளும் பற்றுடையோரின் உள்ளத்தை மட்டும் ஆராய்கின்றனவேயன்றி, அவர்கள் செய்யும் தொழிலையும் அத்தொழிலை நடத்தும் மனித உறவுகளையும் கருத்திற் கொள்வதில்லை. இவ்வகையில், அமெரிக்காவில் 1976 ஆம் ஆண்டுக்கும் 1988 ஆம் ஆண்டுக்குமிடையில் வெளிவந்த நான்கு நூல்கள் சிறப்பாக நோக்கத்தக்கன. ஜோசப் வைசன்பாமின் ‘கணனியின் வல்லமையும் மானிடப் பகுத்தறிவும்’ (1976), ரேசி கிடரின் ‘ஒரு புதிய இயந்திரத்தின் ஆன்மா’ (1981), ஷெரி ரர்க்கிளின் ‘இரண்டாவது தன்னிலை’ (1984), ஷொஷானா சுபோஃபின் ‘திறனியந்திரத்தின் யுகத்தில்’ (1988) என்பன அவை. கணனி ஆய்வுகூடத்திலிருந்து அலுவலக மேசைக்கு இடம்பெயர்ந்த காலமும் அதுவே. ஆகையால், பின்னர் பழக்கத்தினாற் கண்ணுக்குப் புலப்படாது போன சில உண்மைகள் இந்நூல்களிற் புதுமை மாறாது பதிவாகியுள்ளன.

வைசன்பாம் 1923 இல் பேர்லினிற் பிறந்து, நாஸி ஆட்சிக்காலத்தில் 1936 இல் குடும்பத்துடன் வெளியேறி அமெரிக்காவிற் குடியேறியவர். மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திற் பணியாற்றிய அவர், ‘எலைசா’ என்னும் தமது நிரல் பற்றிய கட்டுரையை 1966 இல் வெளியிட்டார். தட்டெழுத்து வழியாகத் தன்னுடன் உரையாடுபவரின் சொற்களையே சிறிது திருப்பி வினாவாக்கி விடையிறுப்பது அந்நிரல். நோயாளியின் கூற்றை அவருக்கே மீள எடுத்துரைக்கும் உளச்சிகிச்சையாளரின் பேச்சை அது போலி செய்தது. எதனையும் விளங்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இருக்கவில்லை. அந்நிரல் உருவானதைப் பல மாதங்கள் அருகிருந்து கண்ட அவருடைய செயலாளர், ஒரு நாள் அதனுடன் உரையாடத் தொடங்கிச் சில வரிகள் சென்றதும், அறையை விட்டு வெளியேறுமாறு வைசன்பாமையே கேட்டுக்கொண்டார். பிறிதொரு வேளை, இரவில் நிகழும் உரையாடல்கள் யாவற்றையும் தாம் பார்வையிடத்தக்கவாறு ஒழுங்கு செய்யலாமென அவர் கூறியபோது, அது பிறருடைய அந்தரங்க எண்ணங்களை வேவு பார்ப்பதாகும் என்ற கண்டனம் எழுந்தது.

இந்நிகழ்ச்சிகளை வைசன்பாம் மயக்கத்தின் சான்றுகளாகவே கொள்கிறார். மிக எளிய நிரலொன்றுடன் சிறிது நேரம் பழகுவதே இயல்பான மனிதரிடத்து வலிய மயக்கத்தை விளைவிக்கவல்லது என்பது அவருடைய முடிபு. கணனியாற் செய்ய முடிந்தாலும் அதனிடம் ஒப்படைக்கத்தகாத பணிகள் உள என்ற அவருடைய எச்சரிக்கை காலஞ்செல்ல வலுப்பெற்றுள்ளதேயன்றி வலுவிழக்கவில்லை. எனினும் அச்செயலாளர் கேட்டது யாது என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். இயந்திரத்துக்கு உயிருண்டென்று அவர் வாதிட்டதாக நூல் கூறவில்லை. தமக்கு மேலான பதவியிலுள்ளவர் தமது தோளுக்குப் பின்னால் நில்லாதிருத்தல் வேண்டுமென்றே அவர் கேட்டார். இரவு உரையாடல்கள் பற்றி எழுந்த கண்டனமும் இதே தன்மையது. பணியிடத்திலே தமக்கெனத் தனித்த ஓரிடம் வேண்டும் என்னும் வேட்கை அங்கு இயந்திரத்தைச் சாக்காகக் கொண்டு வெளிப்பட்டது எனலாம். வைசன்பாம் செயலாளரையும் இயந்திரத்தையும் கண்டார். அவ்வறையில் நின்ற மூன்றாமவராகிய தம்மைக் காணவில்லை. மனிதநேயம் மிக்க அறிஞரொருவரின் கண்ணுக்கும் பணியிடத்தின் ஏற்றத்தாழ்வு புலப்படாது போகலாம் என்பதற்கு நூலின் இப்பகுதி தக்க சான்றாகும்.

ரர்க்கிளின் நோக்கு இதனின்றும் வேறுபட்டது. பற்றை நோயென்று ஒதுக்காது, அதற்கூடாக மனிதர் தம்மைப் பற்றி எவ்வாறு சிந்திக்கின்றனர் என்பதை அவர் ஆராய்கிறார். சிறுவர், மாணவர், நிரலெழுதுவோர், வீட்டிற் கணனி வைத்திருப்போர் எனப் பலதிறத்தாரோடும் உரையாடிப் பெற்ற செய்திகளே அவருடைய நூலுக்கு ஆதாரம். கணனி மனிதருக்கு ஓர் ஆடியாகிறது என்பது அந்நூலின் மையக் கருத்து. அந்நூலிற் பணியிடம் தொடர்பான ஓர் அவதானிப்பு உண்டு. அலுவலகத்திற் பெருந்திட்டமொன்றின் சிறு கூறினை மட்டும் செய்து, முழுமையை அறியாது வாழ்ந்த நிரலாளர் சிலர், வீட்டிலுள்ள சொந்தக் கணனியில் அடிமுதல் முடிவரை தாமே விளங்கி ஆளத்தக்க ஒன்றைத் தேடினர். தொழிலிற் கிட்டாத முழுமையை அவர்கள் ஓய்வுநேரத்தில் தாமே அமைத்துக்கொண்டனர். கார்ல் மார்க்ஸ் 1844 இல் எழுதி, 1932 இலேயே முழுமையாக அச்சேறிய கையெழுத்துப் பிரதிகளில் அந்நியமாதல் பற்றிக் கூறியவற்றோடு இதனை இணைத்து நோக்கலாம். தான் ஆக்கிய பொருளும் ஆக்குந் தொழிலும் தனக்குப் புறம்பாகிவிட்ட தொழிலாளி, வேலையில்லாத வேளையிலேதான் தானாக இருப்பதாக உணர்கிறான் என்பது அவர் கருத்து. ரர்க்கிள் அவதானித்த நிரலாளர் இதற்குக் கண்கூடான உதாரணமாவர்.

எனினும், ஆடி என்னும் உவமை பணியிடக் கணனிக்கு முற்றும் பொருந்துவதன்று. ஆடி தன்னை நோக்குவோரின் சுவடு எதனையும் வைத்திருப்பதில்லை. கணனியோ வைத்திருக்கிறது. தச்சரின் உளிப்பிடியிலும் சீவற்றொழிலாளரின் பாளைக்கத்தியிலும் உழைத்த கையின் அடையாளம் வெளியே தெரியும். கணனியில் வெளித்தேய்வு மிகச் சிறிதே. அடிக்கடி அழுத்தப்பட்ட விசைகளின் எழுத்துக்கள் மங்கியிருக்கலாம், அவ்வளவுதான். தேய்வின் பெரும்பகுதி உள்ளேயே நிகழ்கிறது. எந்தக் கோப்பு எந்தப் பெயரில் எந்த அடுக்கில் இருக்கிறது, அகராதியில் எந்தச் சொற்கள் புதிதாகச் சேர்க்கப்பட்டன, எந்தக் கட்டளைக்கு எந்தக் குறுக்குவழி, முடிவுறாத வரைவுகள் எங்கு மறைந்து கிடக்கின்றன என்பனவெல்லாம் ஆண்டுக்கணக்கான உழைப்பினால் அமைந்த ஒழுங்கு. பிறருக்கு அது குழப்பமாகத் தோன்றும். உரியவருக்கோ அது தம் சிந்தனையின் வடிவம். பிறிதொருவர் திரையின் ஒழுங்கை மாற்றும்போது எழுகின்ற சினம் பேதைமையன்று என்பதை இது விளக்கும். அங்கு இடம் மாற்றப்படுவது ஒருவருடைய நினைவு. அத்தகைய தேய்வைக் கண நேரத்தில் எச்சமின்றி அழித்துவிட முடியும் என்பதும் உளிக்கும் கணனிக்கும் உள்ள வேறுபாடு.

பற்று உழைப்பிலிருந்தே பிறக்கிறது என்பதை வேறெந்த நூலையும் விடத் தெளிவாகக் காட்டுவது கிடரின் நூலாகும். 1982 இல் புலிட்சர் பரிசு பெற்ற இந்நூல், டேற்றா ஜெனரல் என்னும் நிறுவனத்தில் ஒரு கணனி உருவான வரலாற்றைக் கூறுகிறது. அந்நிறுவனம் 1968 இல் தோன்றியது. அதன் போட்டி நிறுவனம் 1977 இல் ‘வாக்ஸ்’ என்னும் 32 பிற் கணனியை வெளியிட்டபோது, அதற்கு ஈடானதொன்றை ஆக்கவேண்டிய தேவை டேற்றா ஜெனரலுக்கு எழுந்தது. நிறுவனத்தின் பெருந்திட்டம் வட கரோலினாவுக்கு ஒதுக்கப்பட்டது. மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் வெஸ்ற்பரோ நகரில் எஞ்சியிருந்தோர், ரொம் வெஸ்ற் என்பவரின் தலைமையில், நிலக்கீழ் அறைகளில் இருந்து வேறொரு கணனியை ஆக்க முற்பட்டனர். பல்கலைக்கழகத்தை விட்டு அண்மையில் வெளியேறிய இளைஞரே அவர்களுட் பலர். ‘ஈகிள்’ என்ற மறைபெயரில் வளர்ந்த அக்கணனி 1980 இல் ‘எக்ளிப்ஸ் எம்.வி. 8000’ என்ற பெயரில் வெளிவந்தது. போட்டித் திட்டத்தை முந்தியதும் அதுவே.

இயந்திரமொன்றை நெருங்கி அறிவதற்கு அதன் பிழைகளே வழி என்பதை இந்நூல் உணர்த்துகிறது. ஈகிளின் முதன்மாதிரிகள் இரண்டுக்கும் அக்குழுவினர் ‘கொலம்’, ‘கோக்’ எனப் பெயரிட்டனர். இரவும் பகலும் முறைவைத்து அவற்றின் முன்னமர்ந்து, எப்பொழுதோ ஒருமுறை மட்டும் தோன்றி மறையும் பிழையைத் தேடினர். கண்டதையும் காணாததையும் அடுத்த முறையினருக்காகக் குறிப்பேட்டில் எழுதி வைத்தனர். பெயரிடுதல் இங்கு வேடிக்கையன்று. பலநாள் துன்புறுத்திய ஒன்றுக்கே மனிதர் பெயரிடுவர். ஆயத்தப் பொருளாக வாங்கப்பட்ட கணனியின்மீது எழுதுவினைஞரொருவர் கொள்ளும் பற்றும் வகையால் இதுவே. அளவால் மட்டும் வேறுபடுகிறது. அவரும் அதன் குறைகளை அறிவார். எந்த நிரலைத் திறந்தால் அது தயங்கும், எந்த விசையை இருமுறை அழுத்தவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். தொழிலறிவென்பது பெரும்பாலும் இத்தகைய சிறு அறிவுகளின் தொகுதியே.

ஆயின் அப்பற்று எவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்பதையும் கிடர் மறைக்கவில்லை. குழுவிற் சேர்பவர் எந்தத் தாளிலும் ஒப்பமிடுவதில்லை. எனினும், தேவைப்படும் அனைத்தையும் செய்வதாகத் தாமே முன்வந்து இசைதல் ஒரு சடங்காகவே நடைபெற்றது. மேலதிக நேரத்துக்குத் தனியூதியம் கிடையாது. இருளில் வைத்து, எருவிட்டு, வளர்வதைப் பார்த்திருத்தலாகிய காளான் வளர்ப்பு முறையே தங்கள்மீது கையாளப்படும் நிர்வாக முறை என்ற நகைப்பு அங்கு வழங்கியது. ஓராட்டத்தில் வென்றவருக்கு மீண்டும் ஆட வாய்ப்பளிக்கும் பந்தாட்டப் பொறியோடு தம் தொழிலை அவர்கள் ஒப்பிட்டனர். ஒரு கணனியை ஆக்கியதற்குப் பரிசு, அடுத்த கணனியை ஆக்க இடமளித்தல்! நொடியின் நுண்கூறுகளைக் கணக்கிட்டுக் களைத்த பொறியியலாளர் ஒருவர், இனிப் பருவகாலத்திலும் சிறிய காலஅளவு எதனோடும் தமக்குத் தொடர்பில்லை என்ற கருத்துப்பட எழுதிய குறிப்பொன்றைத் தமது கணனி முனையத்தில் விட்டுச் சென்றார். விலகுங் குறிப்பையும் மேலாளரின் மேசையில் வையாது முனையத்திலேயே அவர் வைத்துச் சென்றமை, அவருடைய வாழ்வில் அது பெற்றிருந்த இடத்தைக் காட்டுகிறது.

நூலின் இறுதிப் பகுதியிற் கிடர் ஜோன் ரஸ்கினை நினைவுகூர்கிறார். ஒரு பொருளை அதன் தரத்தைக் கொண்டு மட்டுமன்றி, அது ஆக்கப்பட்ட நிலைமைகளைக் கொண்டும் மதிப்பிடலாம் என்பதும், ஐரோப்பாவின் கொதிக் தேவாலயங்களிற் சுதந்திர உழைப்பின் கனியைக் காணலாம் என்பதும் ரஸ்கினின் கொள்கை. அவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின் ஈகிளும் உயர்ந்ததே என்ற எண்ணத்தைக் கிடர் தோற்றுவிக்கிறார். இங்கேதான் நூலின் வலிமையும் வலுவின்மையும் ஒருங்கே புலப்படுகின்றன. கூலிக்காக மட்டும் செய்யப்படாத உழைப்பொன்று பெருவணிக நிறுவனத்தின் உள்ளேயும் தோன்றலாம் என்பதைக் கண்டு காட்டியமை அதன் வலிமை. ஆனால் மனமுவந்து செய்யப்படும் உழைப்பும் சுதந்திர உழைப்பும் ஒன்றென அவர் கொண்டுவிடுகிறார். எதனை ஆக்குவது, எவ்விலைக்கு விற்பது, வரும் இலாபத்தை யார் பெறுவது என்பவற்றுள் எதனையும் அவ்விளைஞர் தீர்மானிக்கவில்லை. நூலோ அவ்வியந்திரம் இனி அதனை ஆக்கியோருக்கு உரியதன்று என்ற செய்தியோடு முடிகிறது. அது அவர்களுக்கு ஒருபோதும் உரியதாயிருக்கவில்லை என்பதே உண்மை. உரியதெனத் தோன்றிய காலம் மட்டுமே இருந்தது. அத்தோற்றம் இல்லாதிருப்பின் அவ்வியந்திரமும் அக்காலத்துள் தோன்றியிராது. தலைப்பிற் குறிக்கப்பெறும் ஆன்மா யாருடையது என்ற வினாவுக்கு விடை இதுவே. இயந்திரத்துக்குள் புகுந்தது அதனை ஆக்கியோரின் ஆன்மா. அதனை விலைப்படுத்தியது நிறுவனம். 1999 இல் டேற்றா ஜெனரலும் வேறொரு நிறுவனத்தால் வாங்கப்பட்டது.

பொறியியலாளரின் அனுபவத்தைக் கணனியின் முன்னமர்வோர் யாவருக்கும் பொதுவாக்குதல் தவறு. சுபோஃபின் நூல் இத்தவற்றைத் திருத்துகிறது. ஆலைகளிலும் அலுவலகங்களிலும் கணனி புகுந்தபோது நிகழ்ந்தவற்றை நேரிற் கண்டு எழுதியவர் அவர். கடதாசிக்கூழ் ஆலைகளிற் கையாலும் கண்ணாலும் மணத்தாலும் அறிந்து தொழில் செய்தவர்கள், கட்டுப்பாட்டறையின் திரையில் எண்களை நோக்கவேண்டியவராயினர். உடலில் ஊறியிருந்த அவர்களுடைய அறிவு ஒரே நாளில் மதிப்பிழந்தது. அலுவலக எழுதுவினைஞர்களிடம், கணனி வருமுன்னரும் வந்தபின்னரும் தம் தொழில் எவ்வாறு தோன்றுகிறதென்று படம் வரையுமாறு அவர் கேட்டார். பின்னைய படங்களிற் பலர் தம்மை மேசையோடு பிணைக்கப்பட்டவராகவும் தனித்து விடப்பட்டவராகவும் வரைந்தனர். அமெரிக்கக் காங்கிரசின் தொழினுட்ப மதிப்பீட்டு அலுவலகம் 1987 இல் ‘இலத்திரனியல் மேற்பார்வையாளர்’ என்ற பெயரில் ஓர் அறிக்கையை வெளியிட்டது. தொழிலாளர் ஒவ்வொருவரும் அழுத்தும் விசைகளின் தொகையை அவர்கள் பயன்படுத்தும் கணனியே எண்ணிக் கணக்கிடும் முறை அதில் ஆராயப்பட்டுள்ளது. தன்னை எண்ணுகின்ற கருவிக்கு எவரும் அன்போடு பெயரிடுவதில்லை.

இந்நான்கு நூல்களையும் ஒருங்குவைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகிறது. கணனியின்மீது பற்றுத் தோன்றுவதும் வெறுப்புத் தோன்றுவதும் கணனியின் இயல்பாலன்று. தொழில் செய்பவர் தம் விருப்பப்படி அதனை ஒழுங்கமைக்க எவ்வளவு இடம் பெற்றிருக்கிறார் என்பதாலேயே. கைப்பணியிற் கருவியை இயக்குபவர் தொழிலாளி என்றும், ஆலையில் இயந்திரத்தின் இயக்கத்தை அவர் பின்தொடர வேண்டியவராகிறார் என்றும் மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற் பாகத்தில் (1867) வேறுபடுத்தினார். கணனியின் தனித்தன்மை யாதெனில், அது ஒருவருக்கு உளியாகவும், அடுத்த மேசையிலிருப்பவருக்கு ஆலை இயந்திரமாகவும், சில வேளை ஒரே ஆளுக்கு முற்பகலில் ஒன்றாகவும் பிற்பகலில் மற்றதாகவும் அமையக்கூடியது. பற்று என்பது அதனைத் தம் உளியாக்கிக்கொள்ள முடிந்தோரின் உணர்வு. எனவே அது தொழிலில் எஞ்சியிருக்கும் சுதந்திரத்தின் அளவுகோலாகும். அதனை எள்ளி நகையாடுவோர், தம்மை அறியாமலே, அச்சுதந்திரத்தையும் எள்ளுகின்றனர்.

கணனி வணிகர் இவ்வுணர்வை நன்கு அறிந்திருந்தனர். ஐ.பி.எம். நிறுவனம் 1981 ஆகஸ்ற் மாதத்தில் வெளியிட்ட சிறிய கணனிக்குத் ‘தனியாள் கணனி’ என்று பெயரிட்டது. 1984 சனவரியில் வெளிவந்த அப்பிள் மக்கின்ரொஷ், இயக்கப்பட்டவுடன் சிரித்த முகமுடைய ஒரு சிறு கணனியின் உருவத்தைத் திரையிற் காட்டியது. ‘தனியாள்’ என்னும் அடைமொழி பெற்ற பொருளை ஆயிரக்கணக்கில் வாங்கி மேசைகளில் வைத்தவையோ நிறுவனங்கள். தனிமையைக் குறிக்கும் சொல் உடைமையைக் குறிக்கவில்லை. இவ்வாறு பெயரளவில் வழங்கப்பட்ட உரித்து, மெய்யான உரித்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இவ்விடத்துத் தமிழர் வழக்கமொன்றும் சிந்திக்கத்தக்கது. நவராத்திரியின்போது வரும் ஆயுத பூசையில், கொல்லரும் தச்சரும் தம் கருவிகளைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு, ஒரு நாள் அவற்றுக்கு ஓய்வளிப்பது மரபு. இன்று அலுவலகக் கணனிகளும் அந்நாளிற் பொட்டுப் பெறுகின்றன. இதனை மூடநம்பிக்கை என்று மட்டும் கூறி அமைவது போதாது. உழைப்புக்குத் துணைநின்ற பொருளுக்கு நன்றி கூறுதல் என்ற வகையில் அதில் ஒரு பண்பாட்டு உண்மை உண்டு. ஆயின் தச்சர் பொட்டிட்டது தம் உளிக்கு. அலுவலர் பொட்டிடுவதோ நிறுவனத்தின் உடைமைக்கு. சடங்கு மாறவில்லை; உறவு மாறிவிட்டது. மாறிய உறவை மாறாத சடங்கு மறைக்கும்போது, ஔவையார் கண்ட தொண்டைமானின் கொட்டில் மீண்டும் நினைவுக்கு வருகிறது. ஒப்பனை கருவிக்கு; பெருமை கொட்டிலின் உரிமையாளருக்கு.

உறவின் உண்மை முகம் பிரியும் வேளையிலேயே வெளிப்படுகிறது. 2020 இல் பெருந்தொற்று உலகைப் பீடித்தபோது அலுவலகக் கணனிகள் வீடுகளுக்குள் புகுந்தன. உணவுமேசையிலும் படுக்கையருகிலும் இருந்து, வீட்டுப் பொருளே போலாயின. பின்னர், 2022 ஆம், 2023 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் பெரிய கணனித்தொழில் நிறுவனங்கள் பெருந்தொகையானோரைப் பணிநீக்கஞ் செய்தபோது, காலையிற் கணனிக்குள் நுழைய முடியாமற் போனதைக் கொண்டே தாம் வேலையிழந்ததைப் பலர் அறிந்துகொண்டனர். கடவுச்சொல்லை மறந்துவிட்டோமோ என்று முதலில் தம்மையே ஐயுறுவது அத்தகைய வேளையில் இயல்பு. நேற்றுவரை தமது நினைவின் ஒழுங்கைத் தாங்கியிருந்த பொருளே, நிர்வாகத்தின் தூதாக மாறி, வாயிற்கதவை அடைத்தது. ஆண்டுக்கணக்கான உள்தேய்வு முழுவதும் கதவுக்கு மறுபுறத்தில் நின்றுவிட்டது. முன்னைய காலத்தில் ஆலையை விட்டு நீங்கிய தொழிலாளி தன் கைத்திறனைத் தன் கையோடு கொண்டு சென்றான். கணனித் தொழிலாளரின் கைத்திறனில் ஒரு பகுதி கணனிக்குள்ளேயே அமைந்துவிடுகிறது. அப்பகுதி நிறுவனத்தின் உடைமையாக எஞ்சுகிறது.

ஆகவே, பணியிடக் கணனியின்மீது பற்றுக் கொள்ளாதிருக்குமாறு தொழிலாளருக்கு அறிவுரை கூறுவது இச்சிக்கலுக்குத் தீர்வாகாது. பற்றற்றுச் செய்யும் தொழில் நிறுவனத்தைக் காட்டிலும் தொழிலாளரையே முதலில் வறுமைப்படுத்தும்; நாளின் பெரும்பகுதியை உணர்வின்றிக் கழிக்குமாறு அது அவரைப் பணிக்கும். வைசன்பாமின் செயலாளர் கேட்ட தனியிடம், ரர்க்கிள் கண்ட நிரலாளர் தேடிய முழுமை, ஈகிள் குழுவினர் தம்மை மறந்து ஈடுபட்ட ஆக்கவின்பம் ஆகிய மூன்றும் நியாயமான மனிதத் தேவைகள். அவை இயந்திரத்தின்மீது பற்றாகத் திரிந்து வெளிப்படுவதற்குக் காரணம், அவற்றைப் பெறத்தக்க வேறிடம் பணியிடத்தில் இல்லாமையே. விசைகளை எண்ணாதிருத்தல், தொழிலாளர் தம் கருவியைத் தாமே ஒழுங்கமைக்க இடமளித்தல், விலகும்போது தமது குறிப்புகளையும் தமது ஆக்கங்களின் சுவடுகளையும் எடுத்துச்செல்ல அவகாசம் தருதல் என்பன மிகச் சிறிய கோரிக்கைகள். ஆயின் அவற்றுள் ஒவ்வொன்றும் உடைமை பற்றிய பெரிய வினாவைத் தன்னுள் அடக்கியுள்ளது.

இலக்கியத்துக்கும் இதிற் பங்குண்டு. ஈழத்துத் தமிழ்ப் புனைகதை வயலையும் கடலையும் தேயிலைத் தோட்டத்தையும் தொழிற்களங்களாகக் கண்டு எழுதியுள்ளது. கலப்பையையும் தோணியையும் கொழுந்துக் கூடையையும் அறிந்த அளவுக்கு அலுவலக மேசையிலிருக்கும் கருவியை அது அறிந்துகொள்ளுதல் வேண்டும். கணனியின் முன்னமர்ந்திருப்பவர் வெளித்தோற்றத்தில் அசையாதவர். அவருடைய உழைப்பு கண்ணுக்குத் தெரியாதது. அவருடைய கருவியின் தேய்வும் அத்தகையதே. கொல்லன் பட்டறையிற் கிடந்த வேலின் சிதைந்த நுனியைக் கண்டு அதன் பின்னிருந்த போர்களை உணர்த்தியது பழந்தமிழ்க் கவிதை. வெளியே தெரியாத தேய்வைக் கண்டு அதன் பின்னுள்ள வாழ்வை உணர்த்துவது இன்றைய எழுத்தாளரின் கடன். அவ்வாறு எழுதப்படும்போது, கருவிக்கு இட்ட பெயருக்குப் பின்னாலுள்ள மனிதரின் பெயரும் வெளிப்படும்.